டேஷ்போர்டு பிசுக்கு போக நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு

போன ஆவணியில ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினோம். 2014 மாடல், சின்ன கார்தான், ஓடினது கம்மி, இன்ஜின் நல்லா இருக்குன்னு எங்க மெக்கானிக் அண்ணன் பாத்து சொன்னாரு. யார்டுல நிறுத்தி வெச்சிருந்தப்போ உள்ள அப்படியே எண்ணெய் தேய்ச்ச கருங்கல் சிலை மாதிரி மின்னுச்சு. டேஷ்போர்டு, டோர் பேட், கியர் பக்கத்துல இருக்குற கன்சோல், சீட் பெல்ட் தொங்குற பில்லர் கவர், எதையும் விடல. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பத்து வருஷ வண்டிய இப்படி வெச்சிருக்காங்களேன்னு.

அந்த மினுமினுப்பு என்னன்னு புரிஞ்சது சென்னையில இருந்து தெக்கால போற ஜிஎஸ்டி ரோட்டுல. அப்பாவ பாக்க விழுப்புரம் போறப்போ சாயந்திரம் நாலு மணிக்கு மேல வெயில் நேரா முகத்துல அடிக்கும். செங்கல்பட்டு தாண்டினதும் டேஷ்போர்டு மொத்தமும் முன்கண்ணாடியில பிரதிபலிக்க ஆரம்பிச்சுது, ரோட்டுக்கு மேல ஒரு வெள்ளை போர்வை விரிச்ச மாதிரி. முன்னாடி போற லாரியோட பிரேக் லைட் எரியுதா இல்லையான்னே தெரியல. நான் 60க்கு மேல போகல, ஓரமாவே ஓட்டிக்கிட்டு போய் சேர்ந்தேன். திரும்பி வர்றப்போ அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "கண்ணு கூசுதும்மா, தலை வேற வலிக்குது, என்ன வாசனை இது"ன்னு கேட்டாரு. அவருக்கு கண்புரை ஆபரேஷன் பண்ணி அப்போ மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், மினுக்குறதுக்காக உள்ள அடிச்சிருக்குற இந்த பாலிஷ ஒரு சொட்டு விடாம எடுத்துடணும்னு.

எடுக்குறது அவ்வளவு சுலபமா இல்லைங்க. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல பண்ணது எல்லாரும் பண்றதுதான், பக்கெட்ல வெந்நீர், கொஞ்சம் பாத்திரம் விளக்குற லிக்விட், பழைய பனியன் துணி. துடைக்கிறப்போ நல்லா போன மாதிரி இருக்கும், காஞ்சதும் பாத்தா கோடு கோடா திட்டு திட்டா நிக்கும். பிளாஸ்டிக் மேல இருக்குற அந்த சொரசொரப்புக்குள்ள, அதாவது தோல் மாதிரி டிசைன் குடுத்திருப்பாங்கள்ல அந்த குழிக்குள்ள எல்லாம், வெள்ளையா மாவு மாதிரி ஒண்ணு உக்காந்துக்கிச்சு. தொட்டா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும். தாம்பரத்துல எங்க தெருவுல தண்ணி பைப்புக்கு தோண்டி போட்டு மாசக்கணக்கா மூடாம கிடக்கு, அந்த தூசி எல்லாம் அந்த பிசுக்குல போய் அப்பிக்கும். காலையில துடைச்சா ராத்திரிக்குள்ள விரலால பேர் எழுதலாம். பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோட அவரு வெச்சிருந்த இன்னொரு பாலிஷ எடுத்துட்டு வந்து மேல ஒரு கோட் அடிச்சுக் குடுத்தாரு, ரெண்டு நாள் ஜம்முனு இருந்துச்சு, மூணாம் நாள் முன்ன விட மோசம். அழுக்கு மேல பூசினா அழுக்குக்கு மேல இன்னொரு அடுக்கு, அவ்வளவுதான் நடந்துச்சு.

அப்புறம்தான் இது என்ன பொருள்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. பிளாஸ்டிக் மேல ஒட்டிக்கிட்டு போகமாட்டேங்குறது எல்லாம் ஒரே சரக்கு இல்ல. இந்த மாதிரி ஈரமா மின்னுறதுக்கு போடுறது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். ரெண்டு வகையில வருது, தண்ணியில கலந்து பால் மாதிரி வெள்ளையா இருக்குறது ஒண்ணு, பெட்ரோலிய சால்வென்ட்ல கலந்து கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குறது ஒண்ணு. ரெண்டாவதுதான் விலை கம்மி, மினுமினுப்பு ஜாஸ்தி, டயருக்கு அடிக்கிறதும் அதே இனம்தான். சிலிக்கோன் எண்ணெய் காஞ்சு போற சரக்கு இல்ல, அது சும்மா பரவி பரவி போய்க்கிட்டே இருக்கும். தண்ணிய தள்ளிவிடும். சோப்பு நுரை மேல மேல வழுக்கிட்டு போகுமே தவிர அதை லேசுல தூக்காது. ஒரு இடத்துல துடைச்சா பக்கத்து இடத்துல இருந்து மறுபடி மெல்ல நகர்ந்து வந்துடும், அதான் திட்டு திட்டா தெரியுது.

வெள்ளையா குழியில நின்னது வேற கதை. யாரோ வெளிய பெயின்ட்டுக்கு போடுற பாலிஷ் கையோட உள்ளயும் தேய்ச்சிருக்காங்க. அதுல மெழுகும் இருக்கும், கீறல் எடுக்குறதுக்காக ரொம்ப நைஸான பவுடரும் இருக்கும். மெழுகு சூட்டுக்கு இளகும், பவுடர் இளகாது, அதனால ஹேர் டிரையர் காட்டி மெழுக இளக்கி, ஈரமா இருக்கும்போதே பிரஷ்ஷால பவுடர குழியில இருந்து கிளப்பி எடுக்கணும். சின்ன இடம்னா ஸ்கூல் பிள்ளைங்க பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர் போதும், அந்த குழிக்குள்ள இருக்குறத உருட்டி எடுத்துட்டு வந்துடும். நான் என் பொண்ணோட ரப்பர் ரெண்டு தீத்துட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும், இது ரொம்ப பேர் குழம்புற இடம். சில வண்டியில பட்டன் மேல, கதவு கைப்பிடி மேல ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு கோட்டிங் குடுத்திருப்பாங்க. நம்ம ஊரு புழுக்கத்துக்கும் வெயிலுக்கும் சில வருஷத்துல அந்த கோட்டிங்கே சிதைஞ்சு பிசின் மாதிரி ஆயிடும். அது மேல ஒட்டின அழுக்கு இல்ல, அந்த பொருளே அழுகுது. அதை எவ்வளவு கழுவினாலும் பிசுபிசுப்பு நிக்காது. ஒண்ணு அந்த கோட்டிங்க மொத்தமா ஸ்பிரிட் போட்டு உரிச்சு எடுத்து வெறும் பிளாஸ்டிக்கா விடணும், இல்ல அந்த பாகத்தை மாத்தணும். எங்க வண்டியில நல்லவேளை அந்த மாதிரி இல்ல, எல்லாம் கெட்டி பிளாஸ்டிக்.

புதுப்பேட்டையில ஒரு கடையில கேட்டப்போ, "அக்கா, தின்னர் தொட்டு ஒரு இழு இழுங்க, ஒரே நிமிஷம்"னு சொன்னாரு அங்க இருந்த தம்பி. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. நான் உடைஞ்சு போன ஒரு ஸ்விட்ச் கவர்ல தொட்டு பாத்தேன், அரை நிமிஷத்துல மேல் தோல் குழைஞ்சு பஞ்சு நார் எல்லாம் அதுல ஒட்டிக்கிச்சு. ஏன்னா கார் உள்ள இருக்குறது ஒரே பிளாஸ்டிக் இல்ல. ஒரு டிரிம்ம கழட்டி பின்பக்கம் திருப்பி பாருங்க, ரெண்டு கூர் குறிக்கு நடுவுல எழுத்து அச்சடிச்சிருக்கும். பிபின்னு இருந்தா பாலிப்ரொபிலீன், பக்கத்துல டி20ன்னு இருந்தா அதுல டால்க் 20 சதவீதம் கலந்திருக்காங்கன்னு அர்த்தம். டேஷ்போர்டு, டோர் பேட் எல்லாம் பெரும்பாலும் இந்த குடும்பம்தான், சால்வென்ட்டுக்கு ஓரளவு தாங்கும். ஏபிஎஸ்னு இருந்தா (பிரேக்ல சொல்ற ஏபிஎஸ் இல்ல, இது இன்னொரு வகை பிளாஸ்டிக்) ஜாக்கிரதை, பெயின்ட் அடிச்ச சென்டர் கன்சோல், ஏசி வென்ட் சுத்தி இருக்குற வளையம் எல்லாம் பல வண்டியில அதுதான். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் ரெண்டும் அதை கரைச்சிடும். ஸ்பீடோமீட்டர் மேல இருக்குற கண்ணாடி கண்ணாடியே இல்ல, அதுவும் பிளாஸ்டிக், அதுல ஸ்பிரிட் பட்டா கூட மெல்லிசா வெடிப்பு விட வாய்ப்பு இருக்கு. அதுக்கு வெறும் ஈரத்துணி மட்டும்.

சரி, நான் பண்ணத சொல்றேன். ஜிபி ரோடு போய் மூணு சாமான் வாங்கினேன்: ஏபிசின்னு சொல்ற ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு கேன், பன்னி முடியில செஞ்ச மெத்துன்னு ஒரு டீட்டெயிலிங் பிரஷ், ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி. ரிச்சி ஸ்ட்ரீட்ல சர்க்யூட் போர்டு துடைக்க விக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹால், சுருக்கமா ஐபிஏ, ஒரு பாட்டில். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன், இது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

வேலை நிழல்லதான் பண்ணணும். வெயில்ல நின்ன வண்டியில டேஷ்போர்டு கை வைக்க முடியாத சூட்ல இருக்கும், கிளீனர் அடிச்ச உடனே காஞ்சு அதுவே இன்னொரு கறையா நின்னுடும். காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சேன், நாலு கதவும் திறந்து வெச்சு. முதல்ல வேக்யூம் போட்டு, காஞ்ச பிரஷ்ஷால தூசிய மொத்தமா எடுத்தேன், இத விட்டுட்டு நேரா ஈரம் போட்டா சேறுதான் ஆகும். ஏபிசிய ஒண்ணுக்கு பத்து தண்ணி கலந்தேன். அதை பேனல் மேல நேரா அடிக்காம பிரஷ் மேல அடிச்சு, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தை மட்டும் எடுத்து, வட்டமா லேசா நுரைக்க விட்டேன். அழுத்தி தேய்க்க வேண்டாம், முடியோட நுனிதான் குழிக்குள்ள போகணும், அழுத்தினா முடி படுத்துக்கும். நுரை சாம்பல் நிறமாகும், காயறதுக்குள்ள ஈர மைக்ரோஃபைபர்ல துடைச்சு, துணிய திருப்பி இன்னொரு தடவை துடைச்சு, அப்புறம் காஞ்ச துணி. ஒவ்வொரு தடவையும் துணியோட புது பக்கம். நான் இங்கதான் முதல் வாரம் தப்பு பண்ணேன், ஒரே துணிய வெச்சு மொத்த டேஷ்போர்டும் துடைச்சா இங்க எடுத்த சிலிக்கோன அங்க கொண்டுபோய் பூசுறோம். பன்னிரண்டு துணி வாங்கினது வீணே இல்ல. அந்த துணிய துவைக்கிறப்போ வாசனைக்கு போடுற அந்த மெத்துன்னு ஆக்குற லிக்விட் போடாதீங்க, அதுவும் ஒரு வழவழப்பு பூச்சுதான், துணி உறிஞ்சாம போயிடும்.

ஒரே இடத்துக்கு நாலு சுத்து ஆச்சு. முதல் சுத்துல துணி கருப்பா வந்துச்சு, ரெண்டாவதுல பழுப்பா, நாலாவதுல கிட்டத்தட்ட சுத்தமா. அதுக்கப்புறமும் ஒரு வழவழப்பு மிஞ்சுச்சு பாருங்க, அதுக்குத்தான் ஐபிஏ. பாதிக்கு பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து துணியில தொட்டு ஒரே திசையில இழுத்து துடைச்சேன், உடனே காஞ்ச துணியால எடுத்தேன். ஐபிஏ சிலிக்கோன முழுசா கரைக்கிற சரக்கு இல்ல, ஆனா மெல்லிசா மிஞ்சினத இளக்கி துணிக்கு ஏத்திவிடும். ரொம்ப அடமா நின்ன டோர் பேட் கீழ்ப்பக்கம், ஸ்பீக்கர் கிரில் ஓரம், அங்க மட்டும் பெயின்ட் கடையில விக்கிற மினரல் டர்பன்டைன் ரெண்டு சொட்டு துணியில தொட்டு, பத்து செகண்ட் துடைச்சு, உடனே ஏபிசி போட்டு கழுவினேன். சிலிக்கோனுக்கு அதுதான் உண்மையான மருந்து, பெட்ரோலிய சால்வென்ட்ல வந்தது பெட்ரோலிய சால்வென்ட்லதான் போகும். ஆனா கடையில டர்பன்டைன் கேட்டா சில சமயம் தின்னர எடுத்து குடுத்துடுவாங்க, லேபிள படிச்சு வாங்குங்க, மறைவான இடத்துல தொட்டு பாருங்க, பக்கத்துல ஊதுபத்தி கூட எரியக்கூடாது. ஏபிஎஸ்ல, பெயின்ட் அடிச்ச பாகத்துல இது வேண்டவே வேண்டாம்.

போயிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கிறதுன்னா, தண்ணி தெளிச்சு முத்து முத்தா நின்னா சிலிக்கோன் இருக்குன்னு சொல்வாங்க. நானும் அதை நம்பி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க தேய்ச்சேன். பாலிப்ரொபிலீன் சுத்தமா இருந்தாலே தண்ணி முத்தாத்தான் நிக்கும், அதோட குணமே அது. நம்பகமான வழி ஒப்பிட்டு பாக்குறதுதான். கிளவ் பாக்ஸ் உள்பக்க ஓரத்துல யாரும் பாலிஷ் போட்டிருக்க மாட்டாங்க. அங்க விரல வெச்சு இழுத்து பாருங்க, லேசா தடுக்கும். அதே தடுப்பு டேஷ்போர்டுலயும் வந்துச்சுன்னா முடிஞ்சுது. வெள்ளை பருத்தித் துணியால அழுத்தி துடைச்சா கறை வரக்கூடாது.

ஒரு நஷ்டம் ஆச்சு, அதையும் சொல்லிடுறேன். மேஜிக் ஸ்பாஞ்சுன்னு வெள்ளையா விக்கிறாங்களே, அதை இடது பக்க ஏசி வென்ட் கிட்ட தேய்ச்சேன். அழுக்கு அப்படியே வந்துச்சு, கூடவே பிளாஸ்டிக்கோட மேல் சொரசொரப்பும் வந்துடுச்சு. அது மெலமைன் நுரை, பாக்க மெத்துன்னு இருந்தாலும் ரொம்ப நைஸான உப்புக்காகிதம் மாதிரிதான் வேலை செய்யும். அந்த இடம் ஒரு அம்பது பைசா அளவுக்கு இன்னும் பளபளன்னுதான் இருக்கு, அதுக்கு திரும்ப மேட் ஃபினிஷ் வராது. ஒவ்வொரு தடவை கண்ணுல படறப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

மூணாவது ஞாயிறு முழுக்க பிள்ளையாருக்கு. முன்னாடி வெச்சிருந்தவங்க டேஷ்போர்டு நடுவுல பிள்ளையார நுரை டபுள் டேப் போட்டு ஒட்டி, பின்னாடி அவங்களே பிடுங்கி எடுத்துட்டாங்க போல, பாதி டேப் அங்கேயே கறுத்து கெட்டியா நின்னுச்சு. கத்தி வைக்கக்கூடாது. ஹேர் டிரையர் மிதமான சூட்டுல காட்டி, பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால நெம்பினேன், நுரை வந்துடுச்சு, பசை நின்னுச்சு. அதுக்கு எங்க அத்தை சொன்னதுதான் கேட்டுச்சு, நீலகிரி தைலம். ஊட்டி போறப்போ வாங்கிட்டு வந்து சளிக்கு வெச்சிருப்போமே அதேதான். பஞ்சுல நாலு சொட்டு, ஒரு நிமிஷம் ஊறவெச்சு, கட்டை விரலால உருட்டினா பசை உருண்டையா வருது. தைலத்தையும் ஊற விட்டுடக்கூடாது, சில பிளாஸ்டிக்க அதுவும் இளக்கும், வேலை முடிஞ்ச உடனே ஏபிசி போட்டு எண்ணெய் பசையும் எடுத்துடணும். தேங்காய் எண்ணெயும் ஸ்டிக்கர் பசைக்கு கேக்கும், நேரம்தான் ஜாஸ்தி.

அதுக்குப் பக்கத்துலயே ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் குங்குமம் மஞ்சள் எல்லாம் குழியில இறங்கி இருந்துச்சு. சந்தனம் ஈரத்துலயே ஊறி வந்துடும். மஞ்சள் மேல ஏபிசி பட்டதும் ரத்தச் சிவப்பா மாறிடுச்சு, ஒரு நிமிஷம் பதறிட்டேன். மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா சிவக்கும்ல, ஆரத்தி தட்டுல பாக்குறது, அதே சங்கதிதான், ஏபிசியும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மைதான். கழுவினதும் சிவப்பு போய் லேசா மஞ்சள் மிஞ்சுச்சு, அதை நான் தொடவே இல்ல, வண்டிய பத்து நாள் வெயில்ல நிறுத்தினேன், மஞ்சள் நிறம் வெயிலுக்கு தானா வெளுத்துடும். துணியில பட்ட மஞ்சளுக்கு அம்மா பண்றதும் அதானே.

எடுக்க முடியாததும் ரெண்டு இருக்கு. ஃபோன் வைக்கிற ஒட்டு மேட் மாசக்கணக்கா ஒரே இடத்துல கிடந்தா அதுல இருக்குற எண்ணெய் மாதிரி பொருள் பிளாஸ்டிக்குக்குள்ள இறங்கி கறுப்பா ஒரு சதுரம் விழுந்துடும், மேல எவ்வளவு துடைச்சாலும் நிழல் மாதிரி நிக்கும். ஏசி வென்ட்ல மாட்டுற லிக்விட் பெர்ஃப்யூம் சிந்தின இடமும் அப்படித்தான், அது கறை இல்ல, பிளாஸ்டிக் உருகின தடம். எங்க வண்டியில வென்ட்டுக்கு கீழ கண்ணீர் வழிஞ்ச மாதிரி ரெண்டு கோடு இருக்கு. அதுல மல்லுக்கட்டினா சுத்தி இருக்குற நல்ல இடமும் கெட்டுடும்னு விட்டுட்டேன்.

டிஸ்டில்டு வாட்டர் எதுக்குன்னு சொல்றேன்னேன்ல. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, பக்கெட் ஓரத்துல எல்லாம் வெள்ளை படியும். எல்லா பாலிஷும் எடுத்து முடிச்ச பிறகும் கருப்பு பிளாஸ்டிக்ல மறுபடி வெள்ளை திட்டு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாத்தா அது பாலிஷ் இல்ல, துடைச்ச தண்ணியோட உப்பு. வினிகர் ஒரு பங்கு தண்ணி ரெண்டு பங்கு கலந்து ஒரு துடை, கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு துடை, போயிடுச்சு.

ஜாக்கிரதையா இருக்க வேண்டிய இடமும் சொல்லிடுறேன். இடது பக்க டேஷ்போர்டுல ஏர்பேக் மூடி இருக்கும், ஸ்டியரிங் நடுவுலயும் இருக்கும், அங்க டர்பன்டைனோ தைலமோ கொண்டு போகாதீங்க. அந்த மூடி விபத்து நேரத்துல சரியா கிழிஞ்சு திறக்கணும், சால்வென்ட் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கிப் போச்சுன்னா ஆபத்து. வெறும் ஏபிசி ரொம்ப தண்ணியா, அதுவும் துணியில. பவர் விண்டோ ஸ்விட்ச் மேல எதையும் ஸ்ப்ரே பண்ணாதீங்க. ஸ்டியரிங் மேலயும் பெடல் மேலயும் பாலிஷ் யாராவது போட்டிருந்தா மத்ததெல்லாம் அப்புறம், அதை முதல்ல எடுங்க, கை வழுக்கும், கால் வழுக்கும். எங்க வண்டியில பிரேக் பெடல் ரப்பர்ல கூட அந்த எண்ணெய் இருந்துச்சுங்க, வித்தவங்க மேல எனக்கு கோவம் வந்தது அந்த ஒரு இடத்துலதான்.

நாலாவது ஞாயிறு முன்கண்ணாடி உள்பக்கம். டேஷ்போர்டுல இருந்து ஆவியா கிளம்பினது எல்லாம் அங்கதான் படிஞ்சிருக்கும், ராத்திரி எதிர் வண்டி லைட் பட்டா மங்கலா சிதறுறது அதனாலதான். ஐபிஏ கலவையில மூணு துணி மாத்தி துடைச்சேன், மூணாவது துணி சத்தம் போட்டு கிறீச்சுனு இழுத்துச்சு.

இப்போ டேஷ்போர்டு மங்கலான கருஞ்சாம்பல் நிறத்துல இருக்கு. பாக்குறவங்க "என்ன, வெளுத்துப் போச்சா"ன்னு கேக்குறாங்க. கம்பெனில இருந்து வந்தப்போ அது இந்த நிறம்தான். மேல எதுவும் போடல, வாரம் ஒரு தடவை ஈரத்துணி. வெயில் ஜாஸ்தி படுற மேல் பாகத்துக்கு மட்டும் தண்ணியில கலந்த, மினுக்காத வகை புரொடெக்டன்ட் ஒண்ணு துணியில தொட்டு மெல்லிசா போட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மிச்சத்தை காஞ்ச துணியால முழுக்க எடுத்துடுறேன். தொட்டா கையில ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு.

தெருவுல வண்டி கழுவுற அண்ணன்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், "அண்ணா, வெளிய என்ன வேணா பண்ணுங்க, உள்ள பாலிஷ் மட்டும் தொடாதீங்க"ன்னு. போன வாரம் அப்பாவ செக்கப்புக்கு கூட்டிட்டு வந்தேன், அதே சாயந்திர வெயில், மதுராந்தகம் ஏரி பக்கம் வந்ததும் கண்ணாடி போடாமலே ஏரியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு எட்டி பாத்து சொல்லிக்கிட்டே வந்தாரு. பின் கதவு ரப்பர் பீடிங்ல மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை பாக்கி இருக்கு, வர்ற ஞாயிறு அத பாக்கணும்.